கொஞ்சம் பேசாமல் நில்லுங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நண்பர் ஒருவரின் சிபாரிசோடு ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். முதுகில் பை, பைக்குள் லேப்டாப், கையில் விளிம்பு தேய்ந்த ஒரு கன்ட்ரோலர். கதை, கவிதை கொண்டுவருகிறவர்களை எனக்கு வாசலிலேயே அடையாளம் தெரியும். இவர் அந்த ஜாதி இல்லை. கொண்டுவந்திருந்தது ஒரு வீடியோ கேம். கம்பெனி இல்லை, முதலாளி இல்லை, தானே வரைந்து, தானே புரோகிராம் எழுதி, இசையை மட்டும் ஒரு சிநேகிதனிடம் கடன் வாங்கிச் செய்தது.

'நீங்க ஆடிப் பார்த்து ரெண்டு வரி எழுதணும் சார்.'

கதை எளிமை. மூன்று மாடி அபார்ட்மென்ட். கீழே தண்ணீர் லாரி. பிளாஸ்டிக் குடத்தை நிரப்பிக்கொண்டு, தளும்பாமல், மூன்றாவது மாடிப் பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வழியில் சைக்கிள், ஈரக் கோலம், செருப்புக் குவியல், ஹவுஸ் ஓனரின் நாய். சென்னையில் ஒரு கோடைக்காலமாவது இருந்தவர்கள் சிரிக்காமல் இருக்க முடியாது. நானும் சிரித்தேன். பிறகு ஆட ஆரம்பித்தேன்.

முதல் படியிலேயே விழுந்தேன்.

'சார், அங்க ஏ அமுக்கணும் சார்.'

'ஏ எங்கே?'

'கீழ இருக்கே சார்... ஐயோ, அது பி.'

மறுபடி விழுந்தேன். 'மெதுவா சார். குடத்தைச் சாய்க்காதீங்க. நாய் வரும், வரட்டும், பயப்படாதீங்க. இப்ப குதிங்க. குதிங்க சார்!' கால்மணி நேரம் இப்படி ஒரு நேர்முக வர்ணனை. ஒரு கட்டத்தில் பொறுக்கமுடியாமல் என் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்கி அவரே இரண்டாவது மாடிவரை ஏறிக் காட்டினார். 'பாத்தீங்களா, ரொம்ப ஈஸி.'

'இதுவரை வேறு யார் ஆடியிருக்கிறார்கள்?'

'நீங்கதான் சார் முதல்.'

இரண்டு வருஷ உழைப்பு. நல்ல வேலையை விட்டுவிட்டுச் செய்திருக்கிறார். இன்னும் மூன்று வாரத்தில் ஒரு கண்காட்சியில் மேஜை போட்டுப் பொதுமக்களுக்குக் காட்டப்போகிறார். காசு கட்டியாகிவிட்டது. என்ன சொல்வது? 'இண்டி கேம்: தி மூவி பார்த்திருக்கிறீர்களா?' என்று கேட்டேன். இல்லை என்றார். பாருங்கள் என்று அனுப்பிவிட்டு, அன்றிரவு நானும் இன்னொரு முறை பார்த்தேன். இந்த வாரக் கட்டுரை அந்தப் படத்தைப் பற்றியதுதான்.

2012 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டு, படத்தொகுப்புக்காகப் பரிசும் வாங்கிய டாக்குமென்டரி இது. எடுத்தவர்கள் லிசான் பஜோ, ஜேம்ஸ் ஸ்வர்ஸ்கி என்று கனடாவின் வினிப்பெக் ஊரைச் சேர்ந்த இருவர். இவர்களே படத்துக்குக் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் சில்லறை சில்லறையாக வசூல் செய்தவர்கள். சொந்தமாக விளையாட்டு செய்கிறவர்களைப் பற்றிய படம் என்பதால் இதுவும் பொருத்தம்தான்.

படத்தில் மூன்று விளையாட்டுகள். 'பிரெய்ட்' செய்த ஜொனாதன் ப்ளோ, 2008-ல் வெற்றி பெற்றுவிட்டு, பாராட்டுகிறவர்களுக்குத் தன் விளையாட்டு சரியாகப் புரியவில்லையே என்று வருத்தப்படுகிறார். 'சூப்பர் மீட் பாய்' செய்த எட்மண்ட் மெக்மில்லன், டாமி ரெஃபனீஸ் இருவரும் 2010 அக்டோபர் ரிலீசை நோக்கித் தூக்கமில்லாமல் ஓடுகிறார்கள். இதில் மெக்மில்லனின் மனைவிக்கு நீண்ட நாள் ஆசை ஒன்று: உடம்பில் ரோமமே இல்லாத ஒரு பூனை. மூன்றாவது, 'ஃபெஸ்'. மான்ட்ரியால்காரர் ஃபில் ஃபிஷ். படம் முடிந்து பல நாள் கழித்தும் நமக்கு ஞாபகம் இருப்பது இவர்தான்.

ஃபெஸ்ஸில் ஒரு குட்டி வெள்ளைப் பையன். தலையில் சிவப்புத் துருக்கிக் குல்லா. அவன் உலகம் தட்டையானது. திடீரென்று ஒருநாள் அதைத் திருப்பிப் பார்க்க முடிகிறது. நான்கு பக்கத்துக்கும் சுழற்றினால் எட்டாத இடம் எட்டும், இல்லாத வழி தெரியும். 2007-ல் அறிவித்தார்கள். 2008-ல் சுதந்திர விளையாட்டு விழாவில் ஓவியத்துக்குப் பரிசு. அப்புறம் வருகிறது, வருகிறது என்று வருஷங்கள் போய்விட்டன. நடுவில் பழைய பங்குதாரரோடு பிளவு. ஒப்பந்தத்தில் கையெழுத்து வரவில்லை. காட்டினால் வழக்கு வருமோ என்கிற பயத்தோடு 2011 மார்ச்சில் பாஸ்டன் நகரத்தின் பாக்ஸ் ஈஸ்ட் கண்காட்சிக்கு மூட்டை கட்டுகிறார் ஃபிஷ்.

அந்தப் பத்து நிமிஷம் ஒரு த்ரில்லர். கதவு திறக்கிறது, ஜனங்கள் வருகிறார்கள், கன்ட்ரோலரை எடுக்கிறார்கள். விளையாட்டு நின்றுவிடுகிறது. ஃபிஷ் ஓடிவந்து மறுபடி ஆரம்பித்துக் கொடுக்கிறார். மறுபடி நிற்கிறது. மறுபடி ஓடுகிறார். ஆடுகிறவர்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை, சிரித்துக்கொண்டே காத்திருக்கிறார்கள். செய்தவருக்குத்தான் வியர்க்கிறது. கலியாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போது சாம்பார் தீர்ந்துபோன சமையல்காரரின் முகம் அது.

வேறு எந்தக் கலைஞனுக்காவது இந்தத் தண்டனை உண்டா? யோசித்துப் பாருங்கள். நீங்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது நான் உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கவில்லை. எந்த வரியில் கொட்டாவி விட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்குக் கிளம்புகிறவர்களை வித்வான் பார்க்கிறார், வாஸ்தவம். ஆனால் அவர்கள் எழுந்து போவதால் மிருதங்கம் வாசிப்பது நின்றுவிடாது. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னால் அரங்கேறியது என்று பாயிரம் சொல்கிறது. ஆசான் எத்தனை கேள்வி கேட்டாலும், நூல் எழுதியபடியேதான் இருந்தது. விளையாட்டு அப்படி இல்லை. ஆடுகிறவர் கை வைத்தால்தான் அது நடக்கும். அவர் இடதுபக்கம் போனால் விளையாட்டும் இடதுபக்கம் போகும். நீங்கள் இரண்டு வருஷம் இழைத்து இழைத்துச் செய்த வலதுபக்கத்தை அவர் பார்க்காமலே எழுந்துபோகலாம். நீங்கள் பக்கத்திலேயே நின்று அதைப் பார்க்க வேண்டும்.

இந்த அவஸ்தை இல்லாத முதல் நாட்களும் சரித்திரத்தில் உண்டு. 1958 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் பொதுமக்கள் பார்வை நாள். வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர், வருகிறவர்கள் போரடித்துப் போகக்கூடாதே என்று ஒரு அனலாக் கம்ப்யூட்டரையும் ஐந்து அங்குல ஆசிலாஸ்கோப் திரையையும் வைத்து ஒரு டென்னிஸ் ஆட்டம் தயாரித்தார். ராபர்ட் ட்வோராக் என்ற டெக்னிஷியன் கட்டிக் கொடுத்தார். நூற்றுக்கணக்கானவர்கள் க்யூவில் நின்று ஆடினார்கள். அடுத்த வருஷம் இன்னும் பெரிய திரையில் காட்டினார்கள். அப்புறம் பிரித்துப் போட்டுவிட்டார்கள். பேட்டன்ட் கிடையாது, பிசினஸ் கிடையாது. அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்து, பிறகு அணு ஆயுதப் பரவலுக்கு எதிராகப் பேசிவந்த மனிதர் அவர். இந்த ஆட்டத்தைத் தன் சாதனையாக அவர் நினைக்கவே இல்லை. இழக்க ஒன்றுமில்லாததால் பயமும் இல்லை.

1972-ல் கலிஃபோர்னியாவின் சன்னிவேல் ஊரில் ஆண்டி கேப்ஸ் என்ற மதுக்கடையில் அட்டாரிக்காரர்கள் 'பாங்' எந்திரத்தைச் சோதனைக்கு வைத்தார்கள். சில நாளில் ரிப்பேர் என்று கூப்பிட்டார்கள். செய்தவரான ஆலன் ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால், காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு ரிப்பேர் யாருக்குக் கிடைக்கும்?

மற்றவர்களுக்கு வேறு வழிதான். பேசாமல் நிற்பது. 1998-ல் வெளியான 'ஹாஃப்-லைஃப்' ஆட்டத்தை வால்வ் கம்பெனியில் எப்படிச் செய்தார்கள் என்று கென் பேர்ட்வெல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். வெளியாளை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் ஆடச் சொல்வார்கள். செய்தவர்கள் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம், வாய் திறக்கக்கூடாது. ஒவ்வொரு அமர்விலும் நூறு திருத்தம்வரை கிடைக்குமாம். இருநூறுக்கும் மேற்பட்ட அமர்வுகள் நடத்தினார்கள். நமக்குத் தெளிவாகத் தெரிகிற ஒன்று, வந்தவருக்கு இருபது நிமிஷமாகத் தெரியாமல் தடவிக்கொண்டிருப்பதைச் சும்மா இருந்து பார்ப்பதைவிடக் கர்வபங்கம் வேறில்லை என்கிற ரீதியில் அவர் எழுதியிருக்கிறார். முதல் படியில் விழுந்த எனக்கு அதைப் படித்ததும் கொஞ்சம் ஆறுதல்.

இப்போது படத்தோடு என் சண்டைக்கு வருகிறேன்.

'இண்டி கேம்' நல்ல படம். ஆனால் கேமரா நிற்கிற இடம் எனக்குச் சம்மதமில்லை. பாஸ்டன் காட்சியில் கேமரா பெரும்பாலும் ஃபிஷ்ஷின் முகத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அவர் பதற்றம், அவர் வியர்வை, அவர் நிம்மதி. எதிரே கன்ட்ரோலர் பிடித்திருக்கிறவர்களை நாம் துண்டு துண்டாகத்தான் பார்க்கிறோம். அவர்கள் எங்கே முழித்தார்கள், எங்கே ரசித்தார்கள், உலகம் முதல்முறை சுழன்றபோது என்ன செய்தார்கள்? அந்தக் கண்காட்சியில் நடந்த முக்கியமான விஷயம் அதுதானே. கலைஞன் என்றால் கஷ்டப்பட வேண்டும், தாடி வளர்க்க வேண்டும், ஜன்னல் வழியாக வெறித்துப் பார்க்க வேண்டும் என்ற பழைய சினிமா நம்பிக்கை இந்தப் படத்துக்கும் இருக்கிறது. ரசிகன் கைதட்டுகிறவன் மட்டும்தான்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. ஃபிஷ்ஷின் பழைய பங்குதாரரைப் பற்றி ஃபிஷ் சொல்வதை மட்டும் கேட்கிறோம். கோபத்தில் நிறையவே சொல்கிறார். எதிர்த்தரப்பின் குரல் இல்லை. படத்தின் முதல் வடிவத்தில், அவரே பங்கேற்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாக முடிவில் ஒரு வரி போட்டிருந்தார்கள். 'என்னை யாரும் கேட்கவே இல்லையே' என்று அவர் ஆட்சேபித்த பிறகு, அந்த வரியைத் திருத்த வேண்டிவந்தது. ஒரு வரிதானே என்று விடமுடியாது. படத்தில் வில்லன் என்று ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். வில்லனையும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

மூன்றாவது, மூன்று விளையாட்டுமே ஜெயித்துவிட்டன. படம் எடுக்கும்போது அது தெரிந்திருக்க நியாயமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஃபெஸ் வெளியானதே படம் வந்து மூன்று மாதம் கழித்து, 2012 ஏப்ரலில். 2013 முடிவதற்குள் பத்து லட்சம் பிரதி விற்றது. ஆனால் இன்று பார்க்கிறவனுக்கு, கஷ்டப்பட்டால் பலன் நிச்சயம் என்கிற பாடம் தானாக ஒட்டிக்கொள்கிறது. 2024-ல் மட்டும் ஸ்டீம் கடையில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வெளியாயின. ஒரு நாளைக்கு ஐம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பாலானவற்றைச் செய்தவர்களும் தூங்கவில்லை, அவர்களும் வேலையை விட்டார்கள். மேஜையை மடித்துக்கொண்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகிற ஒருவரையாவது படத்தில் சேர்த்திருக்கலாம்.

ஜெயித்தவருக்கும் எல்லாம் சுகமாக முடியவில்லை. 2013 ஜூனில் ஃபெஸ்ஸின் இரண்டாம் பாகத்தை அறிவித்த ஃபிஷ், அடுத்த மாதமே ஒரு வாய்ச்சண்டைக்குப் பிறகு அதை ரத்து செய்துவிட்டு ஒதுங்கிவிட்டார். காட்டிக்கொண்டே இருப்பதும் ஒருவகைத் தேய்மானம்தான்.

காட்டுவதில் இன்னொரு விதமும் உண்டு. கன்ட்ரோலரைக் கொடுக்காமல் காட்டுவது. 2013 டிசம்பரில் இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டைச் சேர்ந்த ஹெல்லோ கேம்ஸ் என்ற சிறிய குழு 'நோ மேன்ஸ் ஸ்கை' என்று ஒரு டிரெய்லர் போட்டது. கடலுக்கடியில் ஆரம்பித்து, கரையேறி, விண்கலத்தில் பறந்து, வேறு கிரகம். கணிதச் சூத்திரத்தில் பிறக்கும் கிரகங்களின் எண்ணிக்கை இரண்டின் 64-ஆம் அடுக்கு. அதாவது 18-க்குப் பின்னால் 18 சைபர் போடலாம். உலகம் வாய் பிளந்தது. அதே மாதம் கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர்கள் ஆபீஸே வெள்ளத்தில் மூழ்கியது. அதிலிருந்தும் எழுந்து வந்தார்கள். ஆனால் எதிர்பார்ப்பு என்கிற வெள்ளம் வடியவில்லை. ஷான் மர்ரி பேட்டிக்குப் பேட்டி தலையாட்டினார். 2016 ஆகஸ்டில் விளையாட்டு வந்ததும் இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்துக்குப் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை! ரசிகர்கள் போட்டு வாங்கினார்கள். பிரிட்டிஷ் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு விசாரித்து, விளம்பரத்தில் ஏமாற்று இல்லை என்று அதே வருஷம் நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. குழு பதில் பேசவில்லை. வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தது. 2018-ல்தான் சேர்ந்து ஆடுவது ஒழுங்காக வந்தது. இழந்த பெயரைத் திரும்பச் சம்பாதித்துவிட்டார்கள், ஆனால் வருஷங்கள் பிடித்தன.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபிஷ்ஷின் விளையாட்டு பாஸ்டனில் எல்லார் முன்னாலும் நின்று நின்று போனது. வெட்கம், ஆனால் ஒரு வாரத்தில் சரி செய்யக்கூடிய வெட்கம். மர்ரியின் டிரெய்லர் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. டிரெய்லர் எப்படி நிற்கும்? அதை யாரும் ஆடவில்லையே. அழகாகக் காட்டப்பட்டதை நாம் நமக்குப் பிடித்தபடி நிரப்பிக்கொள்கிறோம். அந்தக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும்.

கடைசியாக நம்மூர் வாசனை உள்ள ஒன்று. டொரன்டோவில் ஒரு சிறு குழு 'விசை கேம்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு 2023 ஜூலையில் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரிகளை ஆடுகிறவர்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையல், சொல்லவேண்டுமா, இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாக ஏறும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இட்லிப் பானையையே பார்க்காத ஒருவருக்கு அது நிஜமான புதிர். செய்தவருக்குச் சமையலறை முழுக்கத் தெரியும். ஆடுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. இந்த இடைவெளியைப் பக்கத்தில் நின்று பேசி நிரப்பாமல், கிழிந்த காகிதத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்களே, அதுதான் கெட்டிக்காரத்தனம். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும், இன்னும் கொஞ்சம் பரிமாறியிருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு. ஆனால் 2024-ல் சுதந்திர விளையாட்டு விழாவின் முதல் பரிசும், முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் இதற்குத்தான் போயின.

நம் இளைஞர் பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். லேப்டாப்பைத் திறந்துவைத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. நான் விழுந்தேன். எழுதினார். மறுபடி விழுந்தேன். நகத்தைக் கடித்தார். எழுதினார். 'எங்கேப்பா போகணும்?' என்று வேண்டுமென்றே கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். கண்ணில் தண்ணீர் வராத குறை. முக்கால் மணி நேரத்தில் முதல் மாடி போய்ச் சேர்ந்தேன். அவர் நோட்டில் ஆறு பக்கம் நிரம்பியிருந்தது.

கண்காட்சி முடிந்த அன்று ராத்திரி போன் வந்தது.

'எப்படி இருந்தது?'

'ரெண்டு தடவை ஹேங் ஆச்சு சார். பரவாயில்லை. நாலஞ்சு பேர் கடைசி வரைக்கும் ஏறினாங்க. ஆனா ஒரு சின்னப் பொண்ணு வந்தா சார், எட்டு வயசு இருக்கும். மாடிக்கே போகலை. முதல் மாடிக் கைப்பிடிச் சுவர் பக்கத்துல நின்னுக்கிட்டு, குடத்தைச் சாய்ச்சு சாய்ச்சு, கீழ நிக்கிற ஹவுஸ் ஓனர் தலையில தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தா. கால்மணி நேரம். விழுந்து விழுந்து சிரிக்கிறா. தண்ணி சிந்தினா தோல்வின்னு நான் பெரிசா எழுதியே வெச்சிருக்கேன்.'

'நீங்கள் என்ன சொன்னீர்கள்?'

'ஒண்ணும் சொல்லலை சார். பின்னாடி நின்னேன்.'

கொஞ்ச நேரம் போனில் சத்தமில்லை. பிறகு கேட்டார்: 'சார், நான் ரெண்டு வருஷமா வேற கேம் பண்ணிக்கிட்டு இருந்தேனோ?'

எனக்குத் தெரியவில்லை, அதையே சொன்னேன். பாட்டிக்குத் தண்ணீர் போய்ச் சேரவேண்டும் என்பது அவர் ஆசை. அந்தப் பெண்ணுக்கு ஹவுஸ் ஓனர் நனையவேண்டும். இரண்டும் நியாயமான கோரிக்கைதான். எப்படியும் முதல் படியின் உயரத்தைக் குறைத்துவிட்டாராம். அதற்குக் காரணம் நான் என்பதில் எனக்கு லேசாகப் பெருமை.